துயரைப் படி, உயர்வைப் பிடி

பள்ளிப் பிள்ளைகளிடம் கஷ்டம் போதவில்லை என்று மேலிடத்தில் கண்டுபிடித்தார்கள்.

கண்டுபிடித்தவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒரு மலை விடுதியில் நாலு நாள் தங்கி, மூன்று வேளையும் சாப்பிட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஏன் எதற்கெடுத்தாலும் சிணுங்குகிறார்கள் என்று யோசித்திருக்கிறார்கள். நாலாம் நாள் மத்தியானம் விடை கிடைத்தது. பிள்ளைகள் கஷ்டத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, அதுதான் கோளாறு. ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் நேரடியாகக் கஷ்டம் கொடுப்பது கல்வித்துறையின் வேலை இல்லை. அதற்கு வேறு துறைகள் இருக்கின்றன. ஆகவே கஷ்டத்தைப் புத்தகமாகக் கொடுப்பது என்று முடிவாயிற்று. தாயில்லாத பிள்ளை, வீடில்லாத பிள்ளை, சுரங்கத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளை, கால் ஒடிந்தும் ஓட்டப்பந்தயத்தில் ஜெயிக்கிற பிள்ளை என்று, இளம் வயதினர் துன்பப்பட்டு மேலே வருகிற நாவல்களாகப் பார்த்து ஒவ்வொரு பள்ளிக்கும் பெட்டி பெட்டியாக அனுப்பினார்கள். வாசல் சுவரில் ஆளுயரத்துக்கு எழுதிப் போட்டார்கள்: ‘துயரைப் படி, உயர்வைப் பிடி.’

அந்தச் சுவருக்கு எதிர்ச் சந்தில், ஒரு கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில், தையல்காரர் ஒருவர் கடை வைத்திருந்தார். புதுத் துணி தைக்கிற கடை இல்லை. இடுப்பைப் பிடிப்பது, நீளத்தைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது, கிழிந்ததை மூடுவது, இவ்வளவுதான். உள்ளே நிமிர்ந்து நின்றால் தலையில் படிக்கட்டு இடிக்கும் என்பதால் அவர் யாருக்கும் எழுந்து மரியாதை செய்ததில்லை. வாடிக்கையாளர்களும் குனிந்துதான் பேசுவார்கள். அதனால் கணக்கு நேராகிவிட்டது.

அவருடைய ஒரே மகள் அந்தப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. அவள் அம்மா வைத்த பட்டப்பெயர் கரையான். தாள் என்று ஒன்று கண்ணில் பட்டால் அதை வாசித்து முடிக்காமல் நகரமாட்டாள். பற்பசை டப்பா, மருந்துச் சீட்டு, பொத்தான் சுற்றி வந்த பழைய செய்தித்தாள், எதையும் விட்டதில்லை. ஆனால் உயிர் என்று சொன்னால் ஒரு கதைத்தொடர்தான். பயந்தாங்கொள்ளிப் பேய் ஒன்று அடுக்குமாடிக் குடியிருப்பில் குடியேறி, அங்கே இருக்கிற மனிதர்களைப் பார்த்து நடுங்குகிற கதை. பள்ளி நூலகத்தில் ஏழு பாகம் இருந்தது.

அவள் அம்மா சோப்புத் தொழிற்சாலையில் பொதி கட்டுகிற பிரிவில் வேலை பார்த்தாள். சாயங்காலம் வந்து காலை நீட்டி உட்கார்ந்ததும், “எங்கடி நம்ம ஆளு? நேத்து கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சிருந்தாரே” என்பாள். மகள் வாசிப்பாள். வீட்டுக்காரர் வாடகை கேட்க வரும்போது பேய் குளிர்சாதனப் பெட்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்ளும். அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பில் இருமல் வரும். கொஞ்ச நாளில் சிரிக்காமலே இருமல் வர ஆரம்பித்தது.

திட்டத்தை விளக்கப் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். மேலிடத்திலிருந்து வாசிப்பு அலுவலர் வந்திருந்தார். வழவழவென்று சவரம் செய்த முகம், உருக்கமான குரல். பேசும்போது நடுநடுவே கண்ணாடியைக் கழற்றி, ஈரமில்லாத கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

“நான் சின்ன வயசுல ஒரு நாவல் படிச்சேன். அதுல ஒரு பையன் மூணு நாள் பட்டினி கிடப்பான். படிச்சு முடிச்சப்ப எனக்கே பசிச்சது. உடனே சாப்பிட்டேன். அந்தப் பசிதாங்க என்னை இந்த நாற்காலியில உட்கார வச்சிருக்கு” என்றார்.

பெற்றோர் கை தட்டினார்கள். தையல்காரரும் தட்டினார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் எல்லாரும் தட்டும்போது சும்மா இருந்தால் நம் பிள்ளையைக் குறித்து வைத்துக்கொள்வார்களோ என்று ஒரு பயம்.

அடுத்த வேலை நூலகத்தைச் சுத்தப்படுத்துவது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் துயர மதிப்பெண் போட்டார்கள். கதையில் அப்பா செத்தால் இத்தனை, அம்மா செத்தால் அதைவிடக் கூட, நாய் செத்தால் எல்லாவற்றையும்விடக் கூட. மதிப்பெண் எட்டாதவை வெளியே போகவேண்டும். பேய்க் கதையைக் கையில் எடுத்ததும் நூலக ஆசிரியைக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“சார், பேய்னா அது ஏற்கெனவே செத்ததுதானே. அதுக்கு மார்க் உண்டா?”

அலுவலர் இரண்டு பக்கம் புரட்டினார். “செத்திருக்கு, ஒத்துக்கறேன். ஆனா செத்தப்புறம் சந்தோஷமா இருக்கே, டீச்சர். அது பிள்ளைகளுக்குத் தப்பான பாடம்.”

பேய் ஏழு பாகமும் சாக்குக்குள் போயிற்று. கரையான் அப்போது ஆறாம் பாகத்தின் கடைசியில் இருந்தாள். பேயும் வீட்டுக்காரரும் மின்தூக்கிக்குள் தனியாக மாட்டிக்கொண்டு, மின்சாரமும் போய்விட்ட இடம்.

“அப்புறம் என்னாச்சு?” என்றாள் அம்மா.

“ஏழாவது பாகத்தை எடுத்துட்டாங்கம்மா.”

“யாரு?”

“பள்ளிக்கூடத்துல. கஷ்டம் இல்லையாம் அதுல.”

“மின்தூக்கிக்குள்ள வீட்டுக்காரரோட மாட்டிக்கிறது கஷ்டம் இல்லையா? அவங்க வாடகை வீட்லயே இருந்ததில்ல போல” என்றாள் அம்மா.

இரண்டு மாதம் கழித்து வாசிப்பு வாரம் வந்தது. பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த நாவலின் துன்பப்படும் நாயகன், நாயகி வேடத்தில் வரவேண்டும் என்று அறிவித்தார்கள். தையல்காரருக்கு அப்படி ஒரு வாரம் அதுவரை வாய்த்ததில்லை. சந்து முழுக்கக் கார். பல் டாக்டர் தன் மகனுடைய புத்தம்புதுச் சட்டையை உறை பிரிக்காமல் கொண்டு வந்து, குனிந்து உள்ளே நீட்டினார்.

“இதைக் கிழிக்கணும்.”

“எதுக்குங்க?”

“பையன் அநாதை வேஷம். முழங்கைகிட்ட ஒண்ணு, முதுகுல ஒண்ணு. பாத்தா மனசு உருகணும்.”

“கிழிச்சிட்டுத் தைக்கணுமா, அப்படியே விட்டுடணுமா?”

பல் டாக்டர் யோசித்தார். “பாதி தைங்க. அவங்கம்மா தைக்க ஆரம்பிச்சு நடுவுல செத்துப்போன மாதிரி.”

தையல்காரர் தன் வாழ்நாளில் துணியை ஒட்டுப் போட்டிருக்கிறாரே தவிர, நல்ல துணியைக் கிழித்ததில்லை. முதல் கிழிசலுக்குக் கை வரவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தார். பத்தாவது சட்டைக்குக் கை பழகிவிட்டது. கிழிசல் ஓரத்தைக் காப்பித் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தால் நாட்பட்ட வறுமை மாதிரித் தெரியும் என்பதையும் கண்டுகொண்டார்.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கிழித்துக் கொடுத்ததில் சொந்தப் பிள்ளையை மறந்துபோனார். அன்று காலை கரையான் வழக்கமான சீருடையில் போனாள். பாவாடை ஓரத்தில் அப்பா போட்ட ஒட்டு, தோள்பட்டையில் ஒரு ஒட்டு. மேடையில் மற்றவர்களோடு அவளையும் நிறுத்தினார்கள். அலுவலர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றார்.

“இந்த ஒட்டைப் பாருங்க. நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கு. ஏழை வீட்ல இவ்வளவு நேரா தைப்பாங்களா? முயற்சி இருக்கு, உண்மை இல்ல” என்றார்.

அவளுக்கு ஆறுதல் பரிசு. முதல் பரிசு பல் டாக்டர் மகனுக்கு. அவன் அன்று பள்ளிக்கு நடந்தே வந்திருந்தான். பின்னால் மெதுவாகக் கார் வந்தது.

கடையில் பரிசுப் பேனாவைக் காட்டி, அலுவலர் சொன்னதை அப்படியே சொன்னாள் மகள். தையல்காரருக்கு அந்த ஒட்டைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. கொஞ்சம் கோணலாகப் போட்டிருக்கலாம் என்று நினைத்தார்.

மழைக்காலம் பிறந்ததும் அவர் மனைவியை மருத்துவமனையில் சேர்க்கவேண்டி வந்தது. நுரையீரலில் சோப்புத் தூள் படிந்திருக்கிறது, நாள் கடந்துவிட்டது என்றார்கள். தையல்காரர் பள்ளிக்குப் போய், மகளுக்கு அம்மா பக்கத்தில் இருக்க விடுப்பு கேட்டார். தலைமையாசிரியை நல்ல மனுஷிதான். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

“அடடா, கேட்கவே கஷ்டமா இருக்கே” என்றவர், சட்டென்று, “அவ இப்ப எந்த நாவல்ல இருக்கா?” என்றார்.

“தெரியலைங்க.”

“அம்மா நோயில விழற நாவல் ஒண்ணு இருக்கு. பெட்டியிலயே அதுதான் நல்லது. குடுத்து அனுப்பறேன். விடுப்பு தாராளமா எடுத்துக்கட்டும். ஆனா மாசத்துக்கு ரெண்டு நாவல் படிக்கணுங்கிறது மேலிடத்துக் கணக்கு, என் கையில இல்ல. பக்கத்துல உட்கார்ந்தே படிக்கலாமே. பொருத்தமா இருக்கும் பாருங்க.”

கரையான் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அதை வாசித்தாள். அம்மா, “சத்தமா படிடி, எனக்கும் பொழுது போகணும்ல” என்றாள். நாவலில் அம்மா மூன்றாம் அத்தியாயத்தில் செத்துப்போனாள். மகள் குரலை இறக்கி, அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடப் பார்த்தாள்.

“ஏய், தாண்டாத. செத்துட்டாளா?”

“ம்.”

“போன புத்தகத்துலயும் செத்தா, இதுலயும் செத்துட்டா. ஏண்டி, எழுதறவங்களுக்கு அம்மாங்க மேல என்ன கோபம்? ஒரு அம்மாவையாவது கடைசிவரைக்கும் உட்கார வச்சு ஒரு வாய் சோறு போடக்கூடாதா?”

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கும் வந்தது. பிராணவாயுக் குழாயைச் சரிசெய்ய வந்த நர்ஸ், “இங்க சிரிக்காதீங்க, மத்தவங்கள்லாம் நோயாளிங்க” என்றார்.

அன்று சாயங்காலம் மனைவி தையல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்த ஏழாவது பாகத்தை எங்கயாவது பாருங்களேன். மின்தூக்கிக்குள்ள நிக்கிறானுங்க ரெண்டு பேரும், பாவம்” என்றாள்.

அவர் தேடினார். நூலக ஆசிரியை, சாக்குகள் பழைய பேப்பர் கடைக்குப் போனதாகச் சொன்னார். பேப்பர் கடைக்காரர், அதெல்லாம் எப்பவோ ஆலைக்குப் போய்க் கூழாகிவிட்டது என்றார். “அந்தக் காகிதத்துலதான் இப்ப பள்ளிக்கூடத்துக்கு ஏதோ கஷ்டப்படற கதையா அடிக்கிறாங்களாம். நல்ல ஆர்டராம்” என்று கூடுதல் தகவலும் கொடுத்தார். புத்தகக் கடைகளில் கேட்டால், பள்ளிகள் வாங்காததால் அச்சடிப்பதையே நிறுத்திவிட்டார்கள் என்றார்கள்.

வெறுங்கையோடு போக மனமில்லாமல், வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போய், புத்தகம் கிடைத்ததாகவும் கடையில் நின்றே படித்துவிட்டதாகவும் மனைவியிடம் புளுகினார்.

“சொல்லுங்க, என்னாச்சு?”

“அது வந்து... மின்தூக்கி நின்னு போச்சு. அப்புறம் மெக்கானிக் வந்தாரு. திறந்துவிட்டாரு. ரெண்டு பேரும் வெளிய வந்துட்டாங்க.”

அவள் அவரையே பார்த்தாள். “அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“உங்களுக்குக் கதை சொல்ல வராதுங்க. பேன்ட்டு மாதிரி அதையும் புடிச்சு உள்ள மடிச்சுத் தச்சுடறீங்க” என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்ததில் மூச்சு திணறி, நர்ஸைக் கூப்பிட ஓடவேண்டியிருந்தது.

அந்த வாரமே, ஒரு பகல் வேளையில், சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

கரையான் திரும்பப் பள்ளிக்குப் போன நாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் இரங்கல் தெரிவித்தார்கள். தையல்காரரையும் வரச்சொல்லியிருந்தார்கள். வாசிப்பு அலுவலரே நேரில் வந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“திட்டத்தைக் குறை சொல்றவங்க இருக்காங்க. பச்சைப் பிள்ளைகளுக்கு எதுக்குச் சாவும் நோவும்னு கேக்கறாங்க. அவங்களுக்கு என் பதில் இந்தக் குழந்தைதான். மத்த பிள்ளைங்களுக்கு இந்த இடி திடீர்னு விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? இவளுக்கு ஏற்கெனவே ரெண்டு அம்மா நாவல்ல செத்துட்டாங்க. இது மூணாவது. பயிற்சி! அழறாளா பாருங்க!”

எல்லாரும் பார்த்தார்கள். அவள் அழவில்லை. பிள்ளைகள் கை தட்டினார்கள். தையல்காரரின் கையும் தட்டுவதற்காக உயர்ந்துவிட்டது. பாதியில் நிறுத்தி, மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

கூட்டம் முடிந்ததும் தலைமையாசிரியையின் அறையில் உட்கார வைத்தார்கள். மாவட்ட அளவில் நிறைவு விழா நடக்கப் போகிறது. வாசிப்பு என்னைத் தாங்கிப் பிடித்தது என்று கரையான் மேடையில் பேசவேண்டும். பேசினால், ஊரிலேயே நல்ல பெயர் வாங்கிய பெரிய பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு இடம் நிச்சயம் என்றார் அலுவலர். அங்கே இடம் கிடைக்காமல் பல் டாக்டரே அலைந்துகொண்டிருக்கிறார் என்பது தையல்காரருக்குத் தெரியும்.

“அவ இன்னும் சரியா சாப்பிடவே இல்லீங்க” என்றார்.

“நாவல்லயும் நாயகி பத்தாவது அத்தியாயம் வரைக்கும் சாப்பிட மாட்டா. கவலைப்படாதீங்க” என்றார் அலுவலர்.

அவளையே எழுதி வரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தாள். ‘எங்க அம்மாவுக்குப் பேய்க் கதை பிடிக்கும். அது கிடைக்கவில்லை. அதனால் அம்மா சாகிற கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பிறகு அம்மா இறந்துபோனார்கள்.’ அலுவலர் இரண்டு தரம் படித்துவிட்டு, “எழுத்து தெளிவா இருக்கு. ஆனா இதுல ஏற்றம் இல்லையே. கீழ போகுது, போய் அங்கயே நின்னுடுது” என்றார். தானே வேறு எழுதிக் கொடுத்தார். அதில் அம்மா கடைசி மூச்சில், ‘மகளே, வாசி’ என்றாள்.

“எங்கம்மா கடைசியா தண்ணி கேட்டாங்க” என்றாள் கரையான்.

“தண்ணின்னு சொன்னா சபை எந்திரிக்காதும்மா” என்றார் அலுவலர் பொறுமையாக.

வீட்டுக்கு வந்து தையல்காரர் அந்தத் தாளை மகளிடம் கொடுத்து, “அவங்க சொல்ற மாதிரியே சொல்லிடு கண்ணு. நல்ல பள்ளிக்கூடம். அம்மா இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பா” என்றார். சொல்லியிருக்கமாட்டாள் என்று இருவருக்கும் தெரியும். மகள் வாங்கிக்கொண்டாள். ‘மகளே’ என்ற இடத்துக்கு முன்னால் மூச்சை நிறுத்தவேண்டும் என்று அலுவலர் பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

விழாவன்று மேடைக்குப் பின்னால், அநாதை வேடத்தில் நின்ற பல் டாக்டர் மகன் அவள் பக்கத்தில் நகர்ந்து வந்தான்.

“உங்கம்மா நிஜமாவே செத்துட்டாங்களா, இல்ல திட்டத்துக்கா?”

“நிஜமா.”

“அப்ப உனக்குத்தான் முதல் பரிசு” என்றான் அவன். பொறாமையாகச் சொல்லவில்லை. நியாயமாகத்தான் சொன்னான்.

அப்படியே ஆயிற்று. கோடு போட்ட இடத்தில் மூச்சை நிறுத்தி, போடாத இடத்தில் நிறுத்தாமல், அவள் பேசி முடித்தபோது சபை எழுந்து நின்றது. தலைமை விருந்தினர் விம்மினார். சிறந்த வாசகி என்று பட்டம் கொடுத்து, அலுவலர் ஒரு பெட்டி நிறைய நாவல்களைப் பரிசளித்தார்.

பெட்டியை அவள் பிரிக்கவில்லை. அதைத் தையல்காரர் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் ஒரு நாள் கடையில் பொத்தான் பொட்டலத்தைப் பிரித்து, செய்தித்தாளை வழக்கம்போல அவள் பக்கம் தள்ளினார். அவள் அதை எடுத்து, படிக்காமல், நாலாக மடித்து ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் வைத்தாள். மேசை ஆட்டம் நின்றது. “ஏதோ போட்டிருக்கு பாரு, படம்லாம் இருக்கு” என்றார் அவர். “ம்” என்றாள். அன்றிலிருந்து அவர் கவனித்துப் பார்த்தார். பற்பசை டப்பாவும் மருந்துச் சீட்டும் அவள் முன்னால் கிடந்தன. எதையும் அவள் தொடவில்லை.

பெரிய பள்ளியில் இடம் கிடைத்தது. சேர்ந்து சில மாதத்தில் அங்கிருந்து தையல்காரருக்கு அழைப்பு வந்தது. போனால், அறைக்குள் அதே வாசிப்பு அலுவலர் உட்கார்ந்திருந்தார். பதவி உயர்ந்திருந்தது.

பிள்ளைகளிடம் சிரிப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது என்று மேலிடத்தில் கண்டுபிடித்திருக்கிறார்களாம். காரணம் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம். அதுவரை காத்திருக்க முடியாதே என்று நகைச்சுவை வழி வாசிப்பு தொடங்கிவிட்டார்களாம். ஒவ்வொரு பிள்ளையும் வகுப்பில் எழுந்து நின்று வாசித்து, குறிப்பிட்ட இடங்களில் சிரிக்கவேண்டும். மதிப்பெண் உண்டு.

“எல்லாப் பிள்ளைங்களும் முன்னேறிட்டாங்க. உங்க பொண்ணு மட்டும் ஒரு தடவைகூடச் சிரிக்கல. எனக்கு ஆச்சரியமா இருக்கு. மேடையில அவ்வளவு உணர்ச்சியா பேசின குழந்தை. வீட்ல ஏதாவது பிரச்சினையா?”

தையல்காரர் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். கேலி இல்லை. மனுஷர் உண்மையாகவே கேட்கிறார்.

“பிரச்சினை ஒண்ணும் இல்லீங்க” என்றார்.

“அப்ப நீங்கதான் கொஞ்சம் பயிற்சி குடுக்கணும். சிறந்த வாசகியே இப்படி இருந்தா, அவ இடத்தை வேற பிள்ளைக்குக் குடுக்கச் சொல்லி மேலிடத்துல கேப்பாங்க. எனக்கும் பதில் சொல்லணும்ல.”

மறுநாள் மத்தியானம், கடையில் கூட்டமில்லாத நேரம், தையல்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு பள்ளியில் கொடுத்த நகைச்சுவைக் கதைத் தாளை மகள் கையில் கொடுத்தார். ஒரு குண்டு மனிதர் வழுக்கி விழுகிற கதை. அவள் படிக்கட்டுக்கு அடியில் தலை குனிந்து நின்று வாசித்தாள். விழுகிற இடம் வந்தது. தாளிலிருந்து கண்ணை எடுத்து, மெதுவாக ஆரம்பித்து, தோள் குலுங்க, பல் தெரிய, மூச்சு வாங்கச் சிரித்தாள். நல்ல சிரிப்பு. எங்கே தொடங்கவேண்டுமோ அங்கே தொடங்கி, எங்கே நிற்கவேண்டுமோ அங்கே நின்றது.

ஜிப் மாற்றக் கொடுத்த பையை வாங்க வந்த அம்மாள் வெளியே குனிந்து பார்த்து, “பாப்பா சிரிச்சா கடையே நிறைஞ்சு போகுது” என்று சொல்லிவிட்டுப் பையோடு போனாள்.

மகள் தாளை மடித்தாள்.

“போதுமாப்பா?” என்றாள். “இல்ல, இன்னும் கொஞ்சம் சத்தமாவா?”